முசே எமீல் உயிரோடிருந்த விவரம்

முசே எமீல் சாமிக்கண்ணுவுக்கு எழுபத்திரண்டு வயது. காலையில் நடந்தே போய் ரொட்டி வாங்கிக்கொண்டு வருவார். மாலையில் தன்னைப் போன்ற நாலு கிழவர்களோடு பெத்தாங் என்ற இரும்புக் குண்டு விளையாட்டு ஆடுவார். தோற்றுவிட்டால் அளவு நாடாவை எடுத்துத் தரையில் வைத்து அளந்து காட்டிச் சண்டை போடுவார். இவர் உயிரோடு இருக்கிறார் என்பதில் உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பிரான்சு அரசாங்கத்துக்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் நவம்பர் மாதம் அந்தச் சந்தேகம் வந்துவிடும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. முசே எமீல் இருபத்திரண்டு வருடம் அவர்களுடைய பட்டாளத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் புதுச்சேரியில் சொல்தா என்போம். மரியாதைக்கு ஆளை முசே என்றும் மனைவியை மதாம் என்றும் கூப்பிடுவோம். அவருக்கும் அவர் மனைவி மதாம் ஜிசேலுக்கும் சோறு போடும் பென்ஷன் அங்கேயிருந்துதான் வருகிறது. கடல் தாண்டி இருக்கிற ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று கொடுப்பவனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக வருடம் ஒரு முறை உயிர்ச் சான்று. நவம்பர் முப்பதுக்குள் வந்து சேராவிட்டால் டிசம்பர் ஒன்றாம் தேதியிலிருந்து ஆள் இறந்தவராகக் கருதப்படுவார். முன்பு தபாலில் போட்டார்கள். இப்போது இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு அவர் என் கடைக்கு வருவார்.

என் பெயர் வெற்றிவேல். கதிர்காமத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று என்று மனிதனுக்குத் தேவையான எல்லாச் சான்றுக்கும் விண்ணப்பம் போட்டவன். உயிர்ச் சான்று கேட்டு வருகிறவர்கள் சொல்தாக்கள் மட்டும்தான்.

போன வருடம் நவம்பர் பதினொன்றாம் தேதி முசே வந்தார். அந்த இணையதளத்தைத் திறந்தேன். பிரெஞ்சு எழுத்துக்குப் பதிலாகத் திரை முழுக்க இரண்டு கைகள் கும்பிட்டபடி நின்றன. கீழே தமிழில் எழுதியிருந்தது: 'உங்கள் நலன் கருதி இத்தளம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம் அறிய முயல வேண்டாம். இணைய நல்லொழுக்க ஆணையம், புதுச்சேரி மண்டலம்.'

முசே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"யாரோட நலன் தம்பி?"

"உங்களுதுதான் முசே."

"நான் உயிரோட இருக்கேன்னு சொல்லக் கூடாதாமா? அது எனக்கு நல்லதில்லையா?"

என்ன காரணம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு கணினியில் எவனோ திருட்டுப் படம் ஏற்றி வைத்திருக்கிறான். பென்ஷன் தளமும் அதே கணினியில் ஒண்டுக்குடித்தனம் இருந்திருக்கிறது. ஒரு வீட்டில் திருடன் புகுந்தான் என்பதற்காக ஆணையம் தெருவையே பூட்டிவிட்டது. திருடன் அன்றைக்கே வேறு தெருவுக்குப் போய்விட்டான். படம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. முசே எமீலுக்குத்தான் கதவு அடைத்துவிட்டது.

"ஒரு வழி இருக்குது முசே. வி.பி.என்.னு ஒண்ணு. உங்க போன்ல போட்டுத் தரேன். இங்க உக்காந்துக்கினே வேற நாட்டுல இருந்து பேசற மாதிரி ஆயிடும். பூட்டு நமக்குத் தெரியாது, நாம பூட்டுக்குத் தெரிய மாட்டோம்."

"தப்பில்லையே?"

"ஊரே அதுலதான் ஓடுது முசே."

அது உண்மை. கல்லூரிப் பிள்ளைகளிலிருந்து கோயில் தர்மகர்த்தா வரைக்கும் என் கடையில் போட்டுக்கொண்டு போனவர்கள்தான். முசே மட்டும் எந்த நாடு என்று கேட்டதற்கு, "பிரான்சையே போடு, வேற நாட்டுல இருக்கேன்னு சொல்றது அசிங்கம்" என்றார். போட்டேன். தளம் திறந்தது. திறந்ததும், 'நீங்கள் பிரான்சிலிருந்து பேசுகிறீர்கள். பிரான்சில் வசிப்பவர் உயிரோடிருப்பதை அரசு அறியும். உங்களுக்கு இந்தச் சான்று தேவையில்லை' என்று சொல்லிவிட்டது. அவருடைய முகம் மலர்ந்தது.

"அப்ப நான் உயிரோட இருக்கேனா?"

"அங்க இருந்தா இருக்கீங்க. இங்க இருந்தா இன்னும் சந்தேகம்தான்."

பிறகு மனசில்லாமல் சிங்கப்பூருக்கு ஒத்துக்கொண்டார். சான்று ஏறியது. தளம் இன்னொரு நிபந்தனை போட்டது. இருபத்தெட்டாம் தேதி, நம் நேரத்துக்குப் பகல் இரண்டிலிருந்து நான்குக்குள் மறுபடி நுழைந்து, போனுக்கு வருகிற எண்ணைக் கொடுத்து, கேமராவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் இன்னும் ஒரு வருடத்துக்கு உயிர். முசே தேதியைத் தன் டைரியில் எழுதி, இரண்டு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் ஒரு தாளைக் கொண்டுவந்து, "தம்பி, மூணு காப்பி" என்றார். ஜெராக்ஸ் போடுகிறவன் படிக்கக் கூடாது என்று ஒரு தர்மம் இருக்கிறது. எனக்கு அது கிடையாது. படித்தேன்.

'கீழே கையொப்பமிட்டுள்ள எமீல் சாமிக்கண்ணு ஆகிய நான், மானத்தின் மேல் ஆணையாக அறிவிப்பதாவது: நவம்பர் 11 அன்று காலை 10.40 முதல் 11.25 வரை, தங்கள் ஆணையம் நிறுத்திவைத்துள்ள ஒரு தளத்தை வி.பி.என். மூலம், ஒரு நண்பரின் உதவியோடு, நான் பயன்படுத்தினேன். முதலில் பிரான்சு, பிறகு சிங்கப்பூர். தங்கள் தகவலுக்காக.'

பெறுநர், இணைய நல்லொழுக்க ஆணையம். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

தாளைக் கோணலாக வைத்துவிட்டேன், இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது.

இதைச் சொல்தாக்களின் வியாதி என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக் காகிதங்களில் 'சூர் லொனர்' என்று ஒரு வாசகம் உண்டு. மானத்தின் மேல் ஆணை என்று அர்த்தம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம், சாட்சி வேண்டாம். நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் சாட்சி. பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இப்படியே எழுதிப் பழகியவர் கேட்காமலே சொல்வார். நாமெல்லாம் கேட்டாலும் சொல்லாத ஜாதி. புதுச்சேரியில் லட்சம் பேர் செய்கிற ஒரு காரியத்தை, செய்தேன் என்று எழுதிக் கொடுக்க ஒருவருக்குத்தான் தோன்றியது.

"முசே, வேணாம். ஆப்பு வெச்சிக்காதீங்க. யாரும் கேக்கல."

"கேக்கறதுக்கு அவங்களுக்குத் தெரியாதே தம்பி. அதான் சொல்றேன்."

"இந்த 'ஒரு நண்பர்'?"

"உன் பேரு போடல. கேட்டா சொல்லிடுவேன். கேக்கிற வரைக்கும் நீ நண்பர்தான்."

பத்தொன்பதாம் தேதி ஆணையத்திலிருந்து சம்மன் வந்தது. துணைக்கு நானும் போனேன். அன்பினால் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் பெயர் வெளியே வருகிற நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற பயத்தினால் போனேன்.

ஆணையம் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், மெத்தை தைக்கிற ஒரு கம்பெனியின் மாடியில் இருக்கிறது. பஞ்சு பறந்து வந்து ஃபைல்கள் மேலும் ஊழியர்கள் மேலும் படிந்திருந்தது. எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தார்கள். மண்டல அதிகாரி ஜானகிராமன் எங்களைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். முசேயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அது பஞ்சினாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"வாங்க சார், வாங்க. மூணு வருஷமா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். "ஆஃபீஸ் திறந்து மூணு வருஷம். மாசா மாசம் டெல்லிக்கு ரிப்போர்ட். வி.பி.என். பயனர்கள்: இல்லை. இல்லை. இல்லை. அங்க இருந்து திட்டறாங்க. உங்க ஊர்ல ஜனங்க ஒழுங்கா இருக்காங்களா, இல்ல நீங்க வேலையே செய்யலையான்னு. இப்பதான் தலை நிமிர்ந்தேன். டீ சாப்பிடுங்க."

முசே டீயைக் குடித்துவிட்டு, "என் இணையதளத்தைத் திறந்துவிடணும்" என்றார்.

"தாராளமா. படிவம் ஒன்பது இருக்கு. ஆதிலட்சுமி, சாருக்குப் படிவம் ஒன்பது."

ஆதிலட்சுமி அங்கே கண்காணிப்பாளர். நிதானமான பெண்மணி. படிவம் ஆணையத்தின் இணையதளத்தில்தான் இருக்கிறதாம். அந்த இணையதளமும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மாதிரிக்காகத் தடை செய்த தளம் ஒன்றின் முகவரியை அதில் போட்டிருந்தார்கள். ஆணையத்தின் இயந்திரம் அதைக் கண்டுபிடித்து, பாரபட்சம் பார்க்காமல் தன் வீட்டையே பூட்டிவிட்டது. அதனால் ஆதிலட்சுமி எழுந்து, மூலையில் பழைய புடவைத் திரை போட்டு மறைத்திருந்த ஒரு கணினியிடம் போனார். திரைக்குப் பின்னால் இரண்டு ஊழியர்கள் ஒரு வெளிநாட்டுச் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அது எப்படிம்மா திறக்குது?" என்று முசே கேட்டார்.

"வி.பி.என். சார்" என்றார் ஆதிலட்சுமி.

முசே திரும்பி ஜானகிராமனைப் பார்த்தார்.

"அது பயன்பாடு இல்ல சார், கண்காணிப்பு" என்றார் ஜானகிராமன். "ஜனங்க எதையெல்லாம் பார்க்கக் கூடாதோ, அதையெல்லாம் நாங்க கடைசி வரைக்கும் பார்த்தாகணும். பாதியில விட்டா அது கடமை தவறினது. நாங்க படற கஷ்டம் வெளிய தெரியாது."

படிவம் வந்தது. முதல் கேள்வி, தடை செய்யப்பட்ட தளத்தின் முகவரி. முசே பேனாவைத் திறந்ததும் ஆதிலட்சுமி மெதுவாகச் சொன்னார்: "எழுதாதீங்க சார். முகவரியை எழுதினா தடை செஞ்ச தளத்தைப் பரப்பினதா ஆயிடும். தனி கேஸ்."

"சரி, எழுதலை."

"எழுதலைன்னா படிவம் முழுமையில்லைன்னு திருப்பிடுவோம்."

"அப்ப எப்படித்தான் எழுதறது?"

"இது வரைக்கும் யாரும் எழுதலை சார். அதனாலதான் நிலுவையில ஒரு மனுகூட இல்லைன்னு எங்களுக்கு வருஷா வருஷம் பாராட்டுக் கடிதம் வருது."

முசே பேனாவை மூடினார். அடுத்து வாக்குமூலம். அவர் சொல்லச் சொல்ல ஜானகிராமன் ரசித்து ரசித்து எழுதினார். 'ஒரு நண்பரின் உதவியோடு' என்ற இடம் வந்ததும் நான் வாசல் பக்கம் பார்த்தேன். "யாரு அந்த நண்பர்?" என்று எதிரில் இருந்த குமாஸ்தா கேட்டான். முசே என் பக்கம் திரும்பினார். வாயைத் திறந்தார்.

"வேணாம் சார், வேணாம்!" என்று ஜானகிராமன் பதறினார். "ரெண்டு பேர்னா கும்பல் ஆயிடும். கேஸ் போலீசுக்குப் போயிடும். பேரு அவங்களுக்குப் போயிடும். எங்க கேஸ் எங்ககிட்டயே இருக்கட்டும். நண்பர் எல்லாம் கிடையாது, நீங்களா செஞ்சீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அரசு அதிகாரியின் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்று தோன்றியது. அந்த நன்றி ஒரு நிமிஷம்தான் நீடித்தது. முசேயின் போனை ஒரு பழுப்பு உறையில் போட்டு, அரக்கு வைத்து, 'சான்றுப் பொருள் 1' என்று எழுதிவிட்டார்கள்.

"இருபத்தெட்டாம் தேதி எனக்கு அந்த போன் வேணும். நான் உயிரோட இருக்கேன்னு சொல்லணும்" என்றார் முசே.

"இருபத்தெட்டா? அன்னிக்கு உங்களை விட மாட்டோம் சார்" என்றார் ஜானகிராமன் சந்தோஷமாக. "அன்னிக்குத்தான் நம்ம விழிப்புணர்வு விழா. நீங்கதான் கதாநாயகன்."

வராவிட்டால் அபராதம் என்றதால் முசே போனார். ஒரு கல்யாண மண்டபம். மேடையில் முசே எமீலுக்குப் பொன்னாடை போர்த்தி, 'புதுச்சேரியின் முதல் பயனர்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து அவரைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வாத்தியார், "தொடாதீங்க" என்று அதட்டினார். மணி இரண்டு.

ஜானகிராமன் பேசினார். நான் கேட்ட சொற்பொழிவுகளிலேயே ஒளிவுமறைவு இல்லாதது அதுதான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நீங்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தச் சுதந்திரம் உங்களுக்கு இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கிற சிரமத்தைத்தான் நாங்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், எதையெல்லாம் தடை செய்தீர்கள், பட்டியல் எங்கே என்று. பட்டியலைப் பார்த்தால் உங்களுக்கு ஆசை வரும். ஆசை வந்தால் தேடுவீர்கள். அதனால் அதை எங்களிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறோம். எனக்கே தெரியாது! எதையும் மறைக்காதவன் எதற்குத் திரை போட வேண்டும்? நேர்மையானவனுக்குத் தனிமை எதற்கு? இதோ எமீல் அவர்கள். நேர்மையானவர். அதனால்தான் இவரைப் பிடிக்க முடிந்தது. நேர்மையில்லாதவர்களைப் பிடிக்க எங்களுக்கு இன்னும் நிதி ஒதுக்கவில்லை."

கைதட்டல். மணி இரண்டு ஐம்பது. விழாவை நேரலையில் காட்ட ஏற்பாடு. திரையில் கும்பிட்ட கைகள் வந்து நின்றன. பேச்சில் 'வி.பி.என்.' என்ற சொல் பலமுறை வந்ததால் நேரலையை இயந்திரம் பூட்டிவிட்டது. ஜானகிராமன் மைக்கை மூடிக்கொண்டு, "ஆதிலட்சுமி, அந்தப் புடவைத் திரை கம்ப்யூட்டர் வழியா விடும்மா" என்றார். கை மைக்கைச் சரியாக மூடவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் அது அவ்வளவு பழக்கமான விஷயம்.

மூன்றரைக்கு முசே எழுந்தார். "ஐயா, எனக்கு நேரமாவுது. அந்த போனைக் குடுங்க. அஞ்சு நிமிஷம். முகத்தைக் காட்டிட்டு வந்துடறேன்."

"உறுதிமொழி முடியட்டும் சார்."

உறுதிமொழி எடுத்தார்கள். இதுவரை வி.பி.என். பயன்படுத்தியதில்லை, இனியும் பயன்படுத்த மாட்டோம் என்று முந்நூறு பேர் கையை நீட்டிக்கொண்டு சொன்னார்கள். அதில் நூறு பேருக்காவது நான் போட்டுக் கொடுத்தவன். மேடையில் இருந்த முசே மட்டும் கையை நீட்டவில்லை. நான் நீட்டினேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாட்டுப்பண் முடிந்தபோது மணி நான்கு பத்து.

டிசம்பர் இரண்டாம் வாரம் முசேக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் கடையில்தான் அச்சுப் போட்டோம். மதாம் ஜிசேல் பெயருக்கு எழுதியிருந்தது. முசே நின்றபடி படித்துத் தமிழில் சொன்னார். "மதாம், தங்கள் கணவரின் மறைவுக்காக எங்கள் ஆழ்ந்த இரங்கலை ஏற்றுக்கொள்ளவும். டிசம்பர் ஒன்றாம் தேதி முதல்..." அதற்கு மேல் படிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பட்டாளத்தில் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தி வெயிலில் காவல் நின்ற மனிதர், தன் மனைவிக்கு வந்த இரங்கலைக் கையில் வைத்துக்கொண்டு என் கடையில் உட்கார்ந்திருந்தார். அவர் மூன்று காப்பி கேட்ட அன்றைக்கே அந்த ஜெராக்ஸ் இயந்திரத்தை நானே உடைத்துப் போட்டிருக்கலாம்.

"நல்லா எழுதியிருக்காங்க" என்றார் கடைசியில். "மரியாதையா."

மதாம் ஜிசேல் அழுகிற ரகம் இல்லை. மறுநாள் அவரே கடைக்கு வந்தார்.

"நான் அப்பவே சொன்னேன், வாயை மூடிக்கினு இருன்னு. கேட்டாரா? உண்மை பேசிப் பேசிச் செத்தே போயிட்டார். இப்ப நான் ஒரு உண்மை பேசறேன். அடிப்பா."

அவர் சொல்ல நான் தட்டினேன். 'கீழே கையொப்பமிட்டுள்ள ஜிசேல் ஆகிய நான், மானத்தின் மேல் ஆணையாக அறிவிப்பதாவது: இணைத்துள்ள பிரெஞ்சு அரசின் கடிதப்படி என் கணவர் டிசம்பர் 1 அன்று இறந்துவிட்டார். எனவே அவர் மீதுள்ள வழக்கை முடித்து, அவருடைய போனை எனக்குத் தரவும்.' பதிவுத் தபால், ஒப்புகை அட்டை.

நான்காம் நாள் நடுமத்தியானம் என் கடைக்குள் ஒரு ஹெல்மெட் வந்தது. உள்ளே வந்த பிறகும் கழற்றவில்லை. கண்ணாடியை மட்டும் ஒரு விரல் தூக்கி, "நான்தான்" என்றது. ஜானகிராமன்.

"சார் எப்படி செத்தார்?"

"சாகல சார். பெத்தாங் ஆடிக்கினு இருக்கார்."

"அப்ப இந்த லெட்டர்?"

"பிரான்சுல செத்துட்டார்."

ஹெல்மெட் ஸ்டூலில் உட்கார்ந்தது. ஜனவரி பத்தாம் தேதி டெல்லியிலிருந்து வருகிறார்களாம். முதல் பயனரைப் பிடித்ததற்காக மண்டலத்துக்குக் கேடயம். பயனரை நேரில் காட்ட வேண்டும். ஃபைலில் இப்போது அவர் இறந்துவிட்டதாக ஒரு வெளிநாட்டு அரசாங்கமே கடிதம் கொடுத்திருக்கிறது. இறந்தவரை மேடையில் நிறுத்தினால் கேள்வி வரும்.

முசேயையும் மதாமையும் கூப்பிட்டு அனுப்பினேன். இரங்கல் மின்னஞ்சலின் அடியில் இருந்த குறிப்பைப் படித்தோம். தவறாக இறந்தவரை மீட்க ஒரு வழி வைத்திருந்தார்கள். அரசு அதிகாரி ஒருவர் ஆளை நேரில் பார்த்து, சான்றில் கையெழுத்திட்டு முத்திரை குத்தி, அதைத் தன் பெயரில், தானே தளத்தில் நுழைந்து ஏற்ற வேண்டும்.

"தானேன்னா?" என்றார் ஜானகிராமன்.

"நீங்கதான் சார்."

"நுழையறதுன்னா?"

"வி.பி.என். வழியாத்தான் சார். பூட்டினது நீங்கதானே."

ஹெல்மெட்டுக்குள் ஒரு பெருமூச்சு. கடையின் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். பழுப்பு உறையை எடுத்து, அரக்கை அவரே உடைத்து, முசேயின் போனை நீட்டினார். சான்றைப் படித்துக் கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதிவிட்டுக் குத்தினார். பிறகு மவுஸைப் பிடித்தார். எந்த நாடு என்று நான் கேட்பதற்குள், "நெதர்லாந்து போடு, அதுதான் வேகம்" என்றார். அவசரத்தில் சொல்லிவிட்டார். யாரும் கேட்காத மாதிரி இருந்தோம்.

எண் வந்தது. முசே கேமராவுக்கு முகத்தைக் காட்டினார். இடது பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினார். கண்ணைச் சிமிட்டச் சொன்னது, சிமிட்டினார். பச்சை வட்டம் சுற்றி நின்றது. 'முசே சாமிக்கண்ணு, நீங்கள் உயிருடன் இருக்கிறீர்கள். நன்றி.' மதாம் ஜிசேல் சட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைப்பது தெரிந்தது.

ஜானகிராமன் எழுந்தார். முசே தன் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"என்ன சார் இது?"

"இப்ப நீங்க எழுதணும். இன்ன தேதி, இன்ன நேரம், நெதர்லாந்து. நான் எழுதின மாதிரியே."

"நானா? நான் எதையும் பயன்படுத்தலையே! உங்களைப் பார்த்தேன், சான்று குடுத்தேன். அவ்வளவுதான்."

முசே கொஞ்சம் யோசித்தார். கிண்டல் செய்ய அவருக்குத் தெரியாது. நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஐயா, நீங்க பயன்படுத்தலைன்னா அந்தச் சான்று போகலை. போகலைன்னா நான் செத்தவன், ஜனவரியில மேடைக்கு வர முடியாது. நான் உயிரோட இருக்கேன்னா, நீங்க பயன்படுத்தியிருக்கீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. அதை நான் ஆணையத்துக்கு எழுதிப் போடணும்."

மண்டல அதிகாரி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். ஹெல்மெட் கண்ணாடி ஆவி பிடித்து, உள்ளே ஆள் இருப்பதே தெரியவில்லை. பிறகு பையிலிருந்து முசேயின் ஃபைலை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் எழுதினார்: 'பயனர் காலமானார். மனைவியின் கடிதமும் பிரெஞ்சு அரசின் கடிதமும் பார்வையிடப்பட்டன. வழக்கு முடிக்கப்படுகிறது. மண்டலத்தில் பயனர்கள்: இல்லை.' கையெழுத்து. முத்திரை. கால் மணி நேரத்துக்கு முன்னால் அவர் உயிரோடிருப்பதாகக் குத்திய அதே முத்திரைதான். மை காயக்கூட இல்லை.

"சாரோட போனை யார்கிட்ட ஒப்படைக்கிறது? வாரிசு கையெழுத்து வேணும்" என்றார்.

மதாம் ஜிசேல் பேனாவைப் பிடுங்கி, பக்கத்தில் நின்ற கணவரின் வாரிசாகக் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப இந்தப் பக்கம் நான் உயிரோட இல்லையா?" என்று முசே கேட்டார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"இல்ல சார். நிம்மதியா இருங்க. இனிமே உங்களை யாரும் எதுவும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு ஜானகிராமன் குனிந்து, பாதி ஷட்டருக்கு அடியில் வெளியே போனார்.

ஜனவரியில் கேடயம் வேறு ஊருக்குப் போனது. தளம் இன்றும் பூட்டித்தான் இருக்கிறது. கும்பிட்ட கைகளும் அப்படியே நிற்கின்றன. இந்த நவம்பர் மாதம் முசே எமீல் வந்தார். ரொட்டிப் பை கையில் இருந்தது. சிங்கப்பூர் வழியாகப் போனோம். சான்றை ஏற்றினோம். இந்தத் தடவை அன்றைக்கே முகத்தைக் காட்டச் சொன்னது, காட்டினார். பிரான்சுக்கு அவர் உயிரோடு இருக்கிறார்.

போகாமல் நின்றார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். நான் படித்தேன்.

'கீழே கையொப்பமிட்டுள்ள, காலஞ்சென்ற எமீல் சாமிக்கண்ணு ஆகிய நான், மானத்தின் மேல் ஆணையாக அறிவிப்பதாவது: இன்று காலை 10.15 முதல் 10.50 வரை, ஒரு நண்பரின் உதவியோடு...'

இந்தத் தடவை தாளை உடனே இயந்திரத்தில் வைக்கவில்லை. பேனாவை எடுத்து, 'ஒரு நண்பரின்' என்று இருந்ததை அடித்துவிட்டு, 'கதிர்காமம் ஜெராக்ஸ் கடை வெற்றிவேலின்' என்று எழுதினேன். முசே அதைப் படித்துப் பார்த்தார். என் தோளைத் தட்டினார்.

எத்தனை காப்பி என்று கேட்டேன். மூன்று என்றார்.